காட்டிலும் சதுப்பிலும் கார்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு, சதுப்பு நிலம், கார்பன் என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், மரம் நடும் குழுக்களில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், எங்கோ ஒரு செய்தியைப் படித்துவிட்டுக் குழம்பியவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். இடையில் 'கிகா டன்' என்று வந்தால் அது 100 கோடி டன்.

1. கார்பன், கார்பன் டை ஆக்சைடு ரெண்டும் ஒன்றுதானே? ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்?

ஒன்றல்ல. கார்பன் ஒரு தனிமம். மரக்கட்டை, இலை, மட்கு, நம் உடம்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு கார்பன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு என்ற வாயு. கார்பன் அணுவின் எடை 12, அந்த வாயு மூலக்கூறின் எடை 44. அதனால் 1 டன் கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும்.

'இந்தக் காடு இத்தனை லட்சம் டன் சேமிக்கிறது' என்று படித்தால், அது எதன் எடை என்று முதலில் பாருங்கள். இதைக் கவனிக்காததால் ஒரே காட்டுக்கு இரண்டு பேர் சொல்லும் கணக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசப்படும். இந்தப் பக்கத்தில் தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் கார்பனின் எடையைத்தான் தந்திருக்கிறேன்.

2. மரம் இவ்வளவு பெரிதாக வளருகிறதே, அந்தக் கார்பனை வேர் வழியாக மண்ணிலிருந்துதானே உறிஞ்சுகிறது?

இல்லை, காற்றிலிருந்து. இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. வேரிலிருந்து வந்த தண்ணீரையும் சூரிய ஒளியையும் வைத்து இலை அதைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரைதான் பின்னால் கட்டையாக, பட்டையாக, வேராக ஆகிறது. மண் தருவது தண்ணீரும் கொஞ்சம் தாது உப்பும்.

வான் ஹெல்மான்ட் என்பவரின் சோதனை 1648-இல் அச்சில் வந்தது. சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரம் 75 கிலோவுக்கு மேல். மண்ணை உலர்த்தி எடை போட்டால் குறைந்தது வெறும் 60 கிராம் அளவு. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் மண்ணிலிருந்து வரவில்லை என்பதை அந்தத் தொட்டி அப்போதே காட்டிவிட்டது.

3. ஒரு மரத்தில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று வெட்டாமல் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், தண்டைச் சுற்றி டேப் பிடித்து அளக்கிறார்கள். முடிந்தால் மரத்தின் உயரத்தையும் எடுக்கிறார்கள். முன்பு வெட்டி எடை போட்ட மரங்களின் கணக்கிலிருந்து உருவான சூத்திரத்தில் இவற்றையும் அந்த இனத்தின் கட்டை அடர்த்தியையும் போட்டால் உலர் எடை கிடைக்கும். உலர் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். பச்சை மரம் 2 டன் இருந்து அதில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். உலர் எடை 1 டன், கார்பன் அரை டன், அது காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1.8 டன்.

வேரை யாரும் தோண்டுவதில்லை. மேலே இருப்பதில் கால் பங்கு என்பது போல ஒரு விகிதம் வைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். பெரிய பரப்புக்கு இப்போது லேசர் கருவிகள் உண்டு. 2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய கெடி என்ற கருவி அங்கிருந்தே லேசர் பாய்ச்சிக் காட்டின் உயரத்தை அளந்தது. ஆனாலும் அந்த அளவைச் சரிபார்க்க யாராவது ஒருவர் காட்டுக்குள் டேப்போடு போய்த்தான் ஆக வேண்டும்.

4. மரம் உள்ளே இழுத்ததெல்லாம் அப்படியே மரத்திலேயே இருந்துவிடுமா?

இருக்காது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறிப்போகிறார்கள். ஓர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள்: நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் என்று மூன்று எண்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். காட்டுக்கும் அதே மூன்று எண்கள் உண்டு. வரத்து அதிகம் என்பதாலேயே இருப்பு கூடிவிடாது.

உலகத் தரைத் தாவரங்கள் ஒரு வருடத்தில் ஒளிச்சேர்க்கையால் எடுப்பது சுமார் 120 கிகா டன். அதில் ஏறக்குறைய பாதியைத் தாவரங்களே சுவாசித்து வெளியே விட்டுவிடுகின்றன. மீதி உதிர்ந்த இலையாக, செத்த வேராக, விழுந்த மரமாக மண்ணுக்குப் போய், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தின்று, பெரும்பகுதி மறுபடி காற்றுக்கே வருகிறது. வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்று சுமார் 3 கிகா டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் மனிதர்கள் வெளியிடுவது வருடத்துக்குச் சுமார் 10 கிகா டன் என்பதோடு ஒப்பிட்டால் இந்த 3 எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடத்திலேயே பார்க்கலாம். சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கிய வளைகோடு வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். வடக்கு அரைக்கோளத்தில் இலை துளிர்க்கும் மாதங்களில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறையும். இலையுதிர்ந்து மட்கும் மாதங்களில் ஏறும். அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

5. உலகத்தின் கார்பன் பெரும்பாலும் காட்டு மரங்களில்தானே இருக்கிறது?

தாவரங்கள் அனைத்திலும் சேர்த்துச் சுமார் 450 கிகா டன். காற்றில் இப்போது இருப்பது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,500. ஆர்க்டிக் பக்கம் உள்ள உறைமண் பகுதிகளில், ஆழத்தையும் சேர்த்தால், அதே அளவுக்கு இன்னொன்று (இரண்டு கணக்கும் ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று விழும்). கடலில் கரைந்திருப்பது 38,000 அளவில்.

சுருக்கமாக, தரையில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காலுக்குக் கீழே இருப்பது பல மடங்கு. மரங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தப் பெரிய பங்கு கண்ணில் படாமலே போய்விடும்.

6. இலை மட்கினால் கார்பன் காற்றுக்குப் போய்விடுகிறது என்கிறீர்கள். அப்புறம் மண்ணில் எப்படிச் சேருகிறது?

எல்லாம் போவதில்லை, ஒரு சிறு பங்கு தங்குகிறது. அந்தப் பங்கு நாம் நினைக்கிற வழியில் தங்குவதும் இல்லை. மட்காத கடினமான துண்டுகள்தான் மண்ணில் மிஞ்சுகின்றன என்று முன்பு பாடப் புத்தகங்கள் சொல்லின. இப்போதைய புரிதல் வேறு. மேலே விழும் இலையைவிட வேர்தான் மண் கார்பனுக்கு முக்கியமான வழி. உயிருள்ள வேர் நுனி சர்க்கரையையும் அமிலங்களையும் கசியவிடுகிறது, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளுக்கும் மரம் தன் சர்க்கரையில் பங்கு தருகிறது. இவற்றைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள் செத்ததும், அவற்றின் உடல் மிச்சம் களிமண் துகள்களிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதை இன்னொரு நுண்ணுயிர் எட்டித் தின்பது கடினம். அதனால்தான் மணலைவிடக் களிமண் அதிகக் கார்பனைப் பிடித்து வைக்கிறது.

இன்னொரு வழி மண் கட்டி. நல்ல காட்டு மண்ணை ஒரு பிடி எடுத்து மெதுவாக உதிர்த்துப் பாருங்கள். தூளாகப் போகாது, கடுகளவு, மிளகளவு உருண்டைகளாகப் பிரியும். மெல்லிய வேர்களும் பூஞ்சை இழைகளும் அவற்றைப் பிணைத்திருக்கும். உருண்டைக்குள் அகப்பட்ட கார்பனை ஆக்சிஜனும் நுண்ணுயிரும் எளிதில் நெருங்க முடியாது. ஏர் ஓட்டும்போது இந்த உருண்டைகள்தான் முதலில் உடைகின்றன. காட்டையோ புல்வெளியையோ வயலாக்கினால் முதல் சில பத்தாண்டுகளிலேயே மண் கார்பன் கணிசமாகக் குறைவதற்கு இது ஒரு காரணம்.

அந்தக் கார்பன் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் அளக்க வழி கிடைத்தது, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் 14 கிட்டத்தட்ட இரட்டிப்பானது. காற்றுவெளியில் அணுகுண்டு சோதிப்பதைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்லக் குறைந்தது. அந்த அடையாளம் மண்ணின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், எது புதுக் கார்பன், எது பழசு என்று பிரித்துவிடலாம். மேலடுக்கில் சில வருடமே ஆன கார்பனும், ஒரு மீட்டர் ஆழத்தில் ஆயிரக்கணக்கான வருடம் பழசானதும் ஒரே குழிக்குள் இருப்பது சாதாரணம்.

7. சதுப்பு நிலம் நாற்றமடிக்கும் சேறுதானே, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அந்தச் சேறுதான் காரணம். தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்குவது மிக மெதுவாக நடக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் மட்குதலும் மந்தமாகிவிடும். விழுந்த செடியில் ஒரு பங்கு மட்காமலே அடுக்கடுக்காகச் சேரும். அப்படிச் சேர்ந்த பழுப்புநிறத் திணிவுக்குப் பீட் என்று பெயர். கையில் எடுத்துப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியும், உள்ளே நூற்றாண்டுகளுக்கு முந்தைய பாசியின் இலையமைப்புகூட உருக்குலையாமல் இருக்கும்.

பீட் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் உயரும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருடமோ அதற்கு மேலோ ஆகும். இத்தனை மெதுவாகச் சேர்ந்தாலும், உலகத் தரைப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்களில் 500 முதல் 600 கிகா டன் இருக்கிறது. 5-ஆம் கேள்வியில் சொன்ன தாவரக் கணக்கைவிட இது அதிகம். வரத்து மிகக் குறைவு, இருப்பு மிகப் பெரிது. காங்கோ ஆற்றுப் படுகையின் நடுவில் சுமார் 1,45,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பீட் இருப்பதையும், அதில் சுமார் 30 கிகா டன் கார்பன் இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் 2017-இல்தான் வரைபடமாக வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய சேமிப்பு அதுவரை உலகக் கணக்கில் சரியாக ஏறவே இல்லை.

8. சரி, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு விவசாயம் செய்தால் என்ன கெட்டுவிடும்?

தண்ணீர் இறங்கினால் ஆக்சிஜன் உள்ளே வரும். ஆயிரம் வருடம் நின்றிருந்த மட்குதல் அன்றே தொடங்கிவிடும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1850-களின் தொடக்கத்தில் அங்கிருந்த சதுப்பையும் ஏரியையும் வடித்தபோது, ஓர் இரும்புத் தூணைப் பீட்டுக்குள் இறக்கி, அதன் உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி நிறுத்தினார்கள். இன்று அந்தத் தூணின் உச்சி தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் எழும்பவில்லை, நிலம்தான் கீழே போனது. முதலில் தண்ணீர் போனதால் அமுங்கியது. பிறகு பீட்டே மட்கிக் காற்றுக்குப் போனது.

வெப்பமண்டலத்தில் விளைவு இன்னும் வேகம். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1990-களின் நடுவில் நெல் சாகுபடிக்காகச் சுமார் 10 லட்சம் ஹெக்டேரைக் குறிவைத்துக் கால்வாய்கள் வெட்டினார்கள். அந்த மண்ணில் நெல் தேறவில்லை. 1997-இல் கடும் வறட்சி வந்தபோது உலர்ந்த பீட் பற்றிக்கொண்டது. பீட் தீ கொழுந்துவிட்டு எரியாது, மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. அந்த வருடம் இந்தோனேசியாவின் பீட், காட்டுத் தீக்களில் 0.8 முதல் 2.6 கிகா டன் வரை கார்பன் வெளியானதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் எரித்த புதைபடிவ எரிபொருளின் வெளியீட்டில் அது 13 முதல் 40 சதவீதம்.

9. ஈரநிலத்திலிருந்து மீத்தேன் வருகிறதே? அது கார்பன் டை ஆக்சைடைவிட மோசம் என்கிறார்களே, அப்போது வடித்துவிடுவதுதானே சரி?

மீத்தேன் வருவது உண்மை. இயற்கை மூலங்களில் ஈரநிலங்கள்தான் முதலிடம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. எடைக்கு எடை பார்த்தால் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. இதை மறைத்துவிட்டு ஈரநிலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் மீத்தேன் காற்றில் பத்து வருடம் போலத்தான் இருக்கும், பிறகு சிதைந்துவிடும். ஓர் ஈரநிலம் ஆயிரம் வருடமாக ஒரே அளவு மீத்தேன் விட்டால், காற்றில் அதன் பங்கு ஓர் அளவில் நின்றுவிடும், வருடா வருடம் குவியாது. வடித்த நிலத்திலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகளைத் தாண்டியும் காற்றில் நிற்கும், ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தோடு சேரும். அதனால் பழைய சதுப்பை வடிக்காமல் விடுவதே நல்லது. வடித்ததைத் திரும்ப நனைக்கும்போது முதல் சில வருடங்கள் மீத்தேன் எகிறலாம். நிலத்தை முழுக்க மூழ்கடிக்காமல், நீர்மட்டத்தைத் தரைக்குச் சற்றுக் கீழே வைத்தால் அதைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம்.

10. அலையாத்திக் காட்டை ஏன் தனியாகப் பேசுகிறார்கள்? அதுவும் காடுதானே?

மேலே பார்த்தால் பல இடங்களில் சாதாரண உயரக் காடுதான். விஷயம் சேற்றில் இருக்கிறது. ஓதத்தோடு வரும் வண்டல் வேர்களுக்கு இடையே படிந்து, செத்த வேர்களோடு சேர்ந்து மேலே மேலே உயரும். இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதியின் 25 அலையாத்திக் காடுகளில் அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஹெக்டேருக்குச் சராசரி 1,000 டன்னுக்கு மேல் கார்பன் கிடைத்தது. அதில் பாதி முதல் ஏறக்குறைய முழுவதும்வரை மண்ணில். கடற்புல் திட்டுகளும் இப்படித்தான். மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல்லின் வேர்த்திணிவு மீட்டர் கணக்கில் தடித்து, ஆயிரக்கணக்கான வருடப் பழமையோடு கிடக்கிறது.

உப்புநீரில் இன்னொரு லாபம் உண்டு. கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் உணவை முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. அதனால் 9-ஆம் கேள்வியின் சிக்கல் இங்கே குறைவு. கழிமுகத்தில் நன்னீர் கூடுதலாகக் கலக்கும் இடங்களில் மட்டும் மீத்தேன் வரும்.

11. வயதான காடு வளர்ச்சி நின்ற காடு. அதை வெட்டிவிட்டு வேகமாக வளரும் இளமரம் நட்டால் அதிகக் கார்பன் எடுக்கும்தானே?

இது வரத்தையும் இருப்பையும் போட்டுக் குழப்பும் கேள்வி. இளமரக்காட்டில் ஹெக்டேருக்கு வரத்து அதிகமாக இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதிர்ந்த காட்டை வெட்டும் அன்று நூற்றாண்டுகளின் இருப்பு கைவிட்டுப் போகிறது. கிளை, இலை, வேர் மட்கும். மண் வெயிலில் காய்ந்து அதன் கார்பனும் வெளியேறும். புதுக்காடு அந்தக் கடனை அடைக்கவே பல பத்தாண்டுகள் ஆகும்.

தனி மரத்தை எடுத்தாலும் முதுமை என்றால் வளர்ச்சி இல்லை என்று சொல்ல முடியாது. 403 மர இனங்களை அளந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக வருடத்தில் கூட்டும் எடையும் கூடுவது தெரிந்தது. பெரிய மரத்துக்கு இலைப்பரப்பு அதிகம், தண்டு தடிமன். மெல்லிய ஒரு வளையம் சேர்ந்தாலே எடை நிறையக் கூடும். முதிர்ந்த காடு மொத்தத்தில் வருடத்துக்கு எவ்வளவு எடுக்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. இருப்பு பெரிது என்பதில் வாதமே இல்லை.

12. வெட்டிய மரத்தை மேசை, கதவு என்று செய்துவிட்டால் கார்பன் அதிலேயே இருக்குமே?

அது மேசையாக இருக்கும்வரை இருக்கும். ஆனால் காட்டில் நின்ற மொத்தத்தில் மேசையாவது ஒரு பகுதிதான். அறுப்புத்தூளும் கிளையும் வேரும் மட்கும் அல்லது எரியும். காகிதமானால் சில வருடம், வீட்டு உத்தரமானால் ஒரு நூற்றாண்டும் தாங்கலாம். சிமென்டுக்கும் எஃகுக்கும் பதிலாகக் கட்டையைப் பயன்படுத்தினால் அங்கே மிச்சமாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வெட்டி நடும் தோட்டத்தில் இந்தக் கணக்கு நியாயமானது. பழங்காட்டை வெட்டுவதற்கு இதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

13. காட்டுத்தீ இயற்கையாக வருவதுதானே? எரிந்த இடத்தில் மறுபடி மரம் வந்தால் கணக்கு நேராகிவிடாதா?

பழைய இடைவெளியில், பழைய அளவில் தீ வந்தால் நேராகும். சில காடுகளும் புல்வெளிகளும் தீயோடு சேர்ந்தே உருவானவை. எரிந்ததில் ஒரு பங்கு கரியாக மண்ணில் தங்கி நெடுங்காலம் மட்காமலும் கிடக்கும். தீக்கும் தீக்கும் இடைவெளி சுருங்கும்போதுதான் பிரச்சினை. முன்பு எரிந்தது வளர்ந்து முடிவதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. வடகோடிக் காடுகளில் மரத்தைவிடத் தரையில் தடிமனாகக் கிடக்கும் பாசியும் மட்கும்தான் அதிகம் எரிகின்றன. அவை சேர மரத்தைவிட அதிகக் காலம் ஆகியிருக்கும்.

2023-இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. அந்த வருடத் தீப் பருவத்தின் ஐந்து மாதங்களில் வெளியான கார்பன் சுமார் 0.65 கிகா டன் என்று செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து மதிப்பிட்டார்கள். ஒரு வருடத்துப் புதைபடிவ எரிபொருள் வெளியீட்டில் இதைத் தாண்டும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்று மட்டுமே.

14. அமேசான் உலகத்தின் நுரையீரல், 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறது என்பது உண்மையா?

ஆக்சிஜன் கணக்கு தவறு. அமேசான் ஒளிச்சேர்க்கையால் விடும் ஆக்சிஜனை, 4-ஆம் கேள்வியில் சொன்ன அதே சுவாசமும் மட்குதலும் ஏறக்குறைய முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கோடிக்கணக்கான வருடங்களில், மட்காமல் வண்டலில் புதைந்த கார்பனுக்கு ஈடாகக் காற்றில் சேர்ந்தது. நாளைக்கே எல்லாக் காடும் போனாலும் மூச்சு முட்டாது.

அமேசானைக் காப்பாற்றச் சொல்வதற்கு அந்தத் தவறான காரணம் தேவையும் இல்லை. அங்கே நிற்கும் கார்பன், அந்தக் காடே உண்டாக்கும் மழை, உயிரினங்கள், அங்கே வாழும் மக்கள் என்று உண்மையான காரணங்கள் நிறைய இருக்கின்றன. பிரேசிலின் லூசியானா கட்டி தலைமையிலான குழு 2010 முதல் 2018 வரை விமானத்தில் ஏறிக் காற்று மாதிரிகள் எடுத்து 2021-இல் முடிவை வெளியிட்டது. காடழிப்பும் வறட்சியும் மிகுந்த தென்கிழக்கு அமேசான், எடுப்பதைவிட அதிகமாகக் கார்பனை வெளியிடுகிறது. என்னைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டிய செய்தி அதுதான்.

15. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மரத்துக்கு நல்லதுதானே, வேகமாக வளர்ந்து அதுவே உறிஞ்சிவிடாதா?

ஓரளவு நடக்கிறது. 4-ஆம் கேள்வியில் சொன்ன 3 கிகா டன் வித்தியாசத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் சர்க்கரை மட்டும் இருந்தால் மரம் கட்ட முடியாது, நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். சிட்னி அருகே முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் உயரமான குழாய்களை வட்டமாக நிறுத்திக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். இலைகள் சுமார் 12 சதவீதம் அதிகக் கார்பனை எடுத்தன. மரங்கள் கூடுதலாக வளரவில்லை. எடுத்ததில் பெரும்பகுதி மண் வழியாக மறுபடி காற்றுக்கு வந்துவிட்டது. அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. 2020-இல் இந்த முடிவு வெளியானது. இளங்காடுகளில் செய்த வேறு சோதனைகளில் வளர்ச்சி கூடியதும் உண்டு. ஆகவே எல்லாக் காட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. வறட்சியும் வெப்பமும் பூச்சியும் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

16. காலியாகக் கிடக்கும் இடத்தில் எல்லாம் மரம் நட்டுவிட்டால் போதாதா?

'காலி' என்று நினைக்கும் இடம் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. இயற்கைப் புல்வெளியில் கார்பன் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. குழி தோண்டி, மண்ணைக் கிளறி மரம் நட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும். வடக்கு ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரியில் 1980-களில் பீட் நிலத்தை வடித்து ஊசியிலை மரங்களை நட்டார்கள். பீட் காய்ந்து கார்பன் வெளியேறத் தொடங்கியது. பிறகு அதே மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, சதுப்பை மீட்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. 2024-இல் அந்தச் சதுப்பு உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆனது. பனிப் பிரதேசத்தில் வேறொரு சிக்கல்: வெள்ளைப் பனி ஒளியைத் திருப்பி அனுப்பும், கருத்த மரத்தலை அதை உறிஞ்சி இடத்தைச் சூடாக்கும்.

காடு இருந்து அழிந்த இடத்தில், அந்த இடத்து மரங்கள் வருவதற்கு நான் முழு மனதோடு துணை. பல இடங்களில் நடவே வேண்டாம், மேய்ச்சலையும் தீயையும் தடுத்தாலே போதும், பக்கத்துக் காட்டு விதைகள் தாமாக வந்துவிடும்.

17. கார்பன் கிரெடிட் வாங்கினால் நான் வெளியிட்டது ஈடாகிவிடுமா?

கார்பன் கிரெடிட் என்றால், வேறொருவர் காட்டைக் காத்தோ நட்டோ மிச்சப்படுத்திய கார்பனுக்குப் பணம் கொடுத்து, அதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பணம் வராவிட்டால் அந்தக் காடு உண்மையிலேயே அழிந்திருக்குமா? இங்கே வெட்டுவதைத் தடுத்ததால் பக்கத்துக் காட்டில் வெட்டினார்களா? நாற்பது வருடம் கழித்துத் தீயோ பூச்சியோ வந்தால் யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு உறுதியான பதில் சொல்வதே மிகக் கடினம், நடக்காத ஒன்றை அளக்க வேண்டியிருக்கிறது. நிலக்கரியிலிருந்து வந்த கார்பன் கோடிக்கணக்கான வருடம் பூமிக்குள் பத்திரமாக இருந்தது. அதை நாற்பது வருடக் காட்டோடு ஈடுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டைக் காக்கும் மக்களுக்குப் பணம் போகட்டும், அது தேவை. எரிபொருளை எரிப்பதற்கான அனுமதிச்சீட்டாக அது ஆகக்கூடாது.

18. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய கார்பனும் திரும்பிவிடுமா? எத்தனை வருடம் ஆகும்?

எதை அழித்தோம் என்பதைப் பொறுத்தது. மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டலத்தில் கைவிட்ட வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தானாக வளர்ந்த காடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, தரைக்கு மேலுள்ள எடை முதுகாட்டின் 90 சதவீதத்தை எட்ட நடுமதிப்பாக 66 வருடம் ஆகிறது. மழை நிறைந்த இடத்தில் வேகம், வறண்ட இடத்தில் தாமதம். ஆக, காடு ஒரு மனித ஆயுளில் பெரும்பாலும் திரும்பலாம்.

பீட் அப்படித் திரும்பாது. 7-ஆம் கேள்வியின் மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள், ஹோம் ஃபென்னில் இறங்கிய 4 மீட்டர் திரும்ப வர 4,000 வருடமோ அதற்கு மேலோ வேண்டும். ஆனால் அங்கே கசிவை நிறுத்துவது உடனே பலன் தரும். பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் பீட் நிலங்களில் அளந்து 2021-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆழமாக வடித்த நிலத்தில் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும், ஹெக்டேருக்கு வருடம் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெளியீடு குறைகிறது. தரைக்கு 30 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் வரும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். பயிரிடுவதை முழுக்க நிறுத்தாமலே, மடையை அடைத்துப் பாதி உயரம் தண்ணீரை ஏற்றினாலும் அந்தந்த வருடமே கணக்கில் தெரியும்.